செலின் அண்ணியின் பாறைக்குழி

எங்கள் சபைக் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு மார்பிள் கல்லும் அதில் பெயர் வெட்ட ஓர் ஆளும் கிடைத்தால் போதும், எதையும் பாதுகாத்தே கொன்றுவிடுவார்கள். எரிச்சலில்தான் சொல்கிறேன். நடந்து முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன, எரிச்சல் அடங்கவில்லை. ஆனாலும் என் எரிச்சலெல்லாம் என் அண்ணி செலினின் கோபத்துக்கு முன்னால் கால்தூசி. இது அவருடைய கதை.

செலின் என் அண்ணன் டேனியலின் மனைவி. அண்ணன், தெலுங்கும் உருதும் புழங்கும் எங்கள் ஊரில், லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டான். அவன் வேலைக்குப் பதிலாக அண்ணிக்கு அதே ஒர்க்‌ஷாப் ஆபீஸில் கிளார்க் வேலை கொடுத்தார்கள். மகன் பிளஸ்ஸன் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். ஆம்பளைகள் நிறைந்த ஆபீஸ், அதில் புதிதாக ஒரு விதவை. ஆறுதல் சொல்கிறேன் என்று தோளில் கை வைத்த சூப்பிரண்டென்டின் மேஜையில் அண்ணி தன் டிபன் பாக்ஸை ஓங்கி அடித்தார். அந்தச் சத்தம் ஷெட்டு வரைக்கும் கேட்டதாம். அதற்குப் பிறகு யாரும் ஆறுதல் சொல்ல வரவில்லை. கோபம் தன்னைக் காப்பாற்றும் என்று அண்ணி அன்றைக்குத் தெரிந்துகொண்டார். அதன் பிறகு காஸ் சிலிண்டர்காரன், ஆட்டோக்காரன், ஆலய வாசலில் செருப்பைத் தாறுமாறாக விடுகிறவன் என்று யாரையும் விட்டு வைத்ததில்லை. சபையில் அவருக்கு 'பச்சை மிளகாய்' என்று பெயர். வைத்தது அவருடைய சொந்த அண்ணன் தியோடர்.

தியோடர் அண்ணன் பேங்கில் ஆபீஸராக இருந்து ரிட்டையர் ஆனவர். சபையின் செக்ரட்டரி. சபையில் எல்லோருக்குமே அவர் அண்ணன், செலினுக்கு மட்டும் கூடப் பிறந்த அண்ணன். கெட்டவர் இல்லை. எதையாவது கட்டாமல் இருக்க முடியாது, அவ்வளவுதான். காலி இடத்தைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும்.

எங்கள் ஆலயத்துக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை இருக்கிறது. மௌலாலி பக்கம் போகிறவர்களுக்கு இந்த ஊர்ப் பாறைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்களுடையது கவிழ்த்துப் போட்ட தோசைக்கல் மாதிரி மழமழவென்று பரந்து கிடக்கும். மே மாத மதியத்தில் அதில் கை வைத்தால் தோசைக்கல்லேதான். அதன்மேல் அங்கங்கே குழிகள். சிலது சோற்றுத் தட்டு அளவு, சிலது மாவாட்டும் ஆட்டுக்கல் ஆழம். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், மற்ற மாதங்களில் வெடித்த மண் கிடக்கும்.

ஈஸ்டர் விடியற்கால ஆராதனை இந்தப் பாறைமேல்தான். வெள்ளைப் புடவையும் வெள்ளைச் சட்டையுமாக ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து, கிழக்கே வெளுக்கும்போது "உயிர்த்தெழுந்தார்" என்று பாடுவோம். அதற்கு முந்தின சனிக்கிழமை ஆண்கள் ஐக்கிய சங்கத்தார் மண்வெட்டியோடு வந்து, குழிகளில் இருக்கும் மண்ணைச் சுரண்டி வாரிக் கொட்டுவார்கள். புடவையில் அழுக்கு ஒட்டக் கூடாதாம். என் சின்ன வயதிலிருந்தே இந்த வழக்கம் இருக்கிறது. 'பாறை சுத்தம்' என்று பெயர். வேலை முடிந்ததும் எல்லோருக்கும் பிரியாணி உண்டு.

ஒரு ஜூலை மாதம், அறுப்பின் பண்டிகைக்கு என்ன சமைப்பது என்று பெண்கள் கூட்டத்தில் சண்டை வந்து, அண்ணி எழுந்து வெளியே போய்விட்டார். சமாதானம் செய்யப் பின்னாலேயே போனேன். அவர் பாறைமேல் குத்துக்காலிட்டு ஒரு குழிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெமி, இங்க வா. இதுங்களுக்கு இருக்கிற திமிரைப் பாரு. மல்லாந்து படுத்துக்கிட்டே நீந்துதுங்க!"

குனிந்து பார்த்தேன். கூனி இறால் போலச் சின்னஞ்சிறு உயிர்கள், விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். உடம்பு கண்ணாடி, வால் நுனியில் மட்டும் செம்மஞ்சள். வயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு, வரிசையாக இருக்கும் கால்களை அலை அலையாக அசைத்துப் போய்க்கொண்டே இருந்தன. அந்தக் குழிக்கு ஓடை கிடையாது, குளம் கிடையாது, பக்கத்தில் சாக்கடைகூடக் கிடையாது. போன மாதம் வரை காய்ந்த மண் கிடந்த இடம். இவை எங்கிருந்து வந்தன?

மூன்று வாரத்தில் மழை விட்டது, குழி வற்றியது, எல்லாம் காணாமல் போயின. அண்ணி முதலில் வாட்ச்மேனைப் பிடித்து, "பினாயில் ஊத்தினியா?" என்று உலுக்கி எடுத்தார். பாவம், அந்த ஆள் அந்தப் பக்கமே போனதில்லை. அடுத்த ஜூலையில் முதல் பெருமழை பெய்த சில நாட்களில் குழி நிறைய அவை மறுபடியும் வந்து நின்றன. இந்த முறை அண்ணி போனில் வீடியோ எடுத்து, சபைக்குப் புதிதாக வந்த அனுபமாவிடம் காட்டினார். அனுபமா கோயம்புத்தூர்ப் பெண். புருஷனுக்கு ஐ.டி. வேலை கிடைத்து இங்கே வந்தவள், ஒரு காலேஜில் விலங்கியல் பாடம் நடத்துகிறாள். பார்த்ததும் அவள் கண் விரிந்தது.

"ஆன்ட்டி, இது ஃபேரி ஷ்ரிம்ப்ங்க. இறாலுக்கு தூரத்துச் சொந்தம். டைனோசர் வர்றதுக்கு முன்னாலயே இதோட வம்சம் இருந்துச்சுங்க."

"அப்ப வெயில் காலத்துல எங்க போயிடுது?"

"எங்கயும் போறதில்லைங்க. தண்ணி வத்துறதுக்குள்ள முட்டை போட்டுட்டுச் செத்துரும். முட்டை அந்தக் காஞ்ச மண்ணுக்குள்ளயே இருக்கும், தூசி மாதிரி. வெயில்ல வெந்தாலும் ஒண்ணும் ஆகாது. மழை வர்ற வரைக்கும் வருஷக்கணக்குல காத்திருக்கும்ங்க. அதுலயும் எல்லாம் ஒரே மழைய நம்பி வெளிய வராது. கொஞ்சம் பொறிக்கும், மிச்சம் அடுத்த மழைக்குன்னு உள்ளயே இருந்துக்கும்."

இன்னொன்றும் சொன்னாள். இப்படி வெந்து வற்றுகிற குழியில் மீன் வாழ முடியாது, தவளை தங்க முடியாது. மற்றவர்கள் வாழ முடியாத இடம் என்பதால்தான் இதற்கு அது வீடு. காய்வது இதற்குச் சாவு இல்லை. முட்டை ஒரு தடவை நன்றாகக் காய்ந்தால்தான் அடுத்த மழைக்குப் பொறிக்கும்.

அண்ணி போனில் அந்த வீடியோவை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அண்ணன் போன பிறகு பார்த்ததே இல்லை. பிறகு ஏதோ உறைத்து, அந்த முகம் சிவந்தது.

"அடப்பாவிகளா! அப்ப வருஷா வருஷம் நாம வாரிக் கொட்டுறது அழுக்கு இல்லையா? சனிக்கிழமை இதுங்க முட்டைய சுரண்டி குப்பையில போட்டுட்டு, ஞாயித்துக்கிழமை அதே இடத்துல உட்கார்ந்து உயிர்த்தெழுந்தார்னு பாடினோமா?"

பாறையின் வெடிப்புகளில் மண்வெட்டி எட்டாத இடத்தில் தப்பியவைதான் அத்தனை வருஷமும் பிறந்துகொண்டிருந்தன. அண்ணிக்கு அதற்குப் பிறகு வேறு சண்டையே இல்லை. அடுத்த ஈஸ்டருக்கு மண்ணில் யாரும் கை வைக்கக் கூடாது, அதுதான் பேச்சு. ஆட்டோக்காரர்கள் பிழைத்தார்கள்.

கமிட்டியில் முதலில் சிரித்தார்கள். "மண்ணுக்கு ஒரு மீட்டிங்கா?" என்று பொருளாளர் செல்லப்பா கேட்டார். அண்ணி விடுவாரா? ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலை மறித்து நின்று, வெளியே வருகிற ஒவ்வொருவருக்கும் வீடியோவைக் காட்டினார். பார்க்காமல் யாரும் செருப்புப் போட முடியவில்லை. கடைசியில் பிப்ரவரி மாதக் கூட்டத்தில் அனுபமாவைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். அவள் பாதி சொல்லும்போதே டீ வந்துவிட்டது. பாதிப் பேர் எழுந்து போனார்கள், தியோடர் அண்ணன் உட்பட. திரும்பி வந்து, "பாறைக்குழி உயிர்களைப் பாதுகாப்பது" என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். கைதட்டினார்கள்.

அந்த ஒரு தடவை அண்ணி அவர்களை நம்பினார். மார்ச் மாதம் பிளஸ்ஸன் மனைவிக்குப் பிரசவம் என்று பெங்களூர் போனார். லீவு விட்டதும் அனுபமா கோயம்புத்தூர் போனாள். நானோ மல்லாபூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போகிறவள். ஈஸ்டர் முடிந்ததும் பாறையைச் சுற்றிப் பச்சைத் துணி கட்டினார்கள். என்ன வேலை என்று தியோடர் அண்ணனைக் கேட்டேன். "வேலி போடுறோம்மா. செலினுக்கு சர்ப்ரைஸ், நீ ஒண்ணும் சொல்லிடாதே" என்றார்.

ஜூன் முதல் ஞாயிறு அண்ணி வந்து சேர்ந்தார். ஆராதனைக்குப் பிறகு எல்லோரையும் பின்னால் அழைத்துப் போய்த் துணியை விலக்கினார்கள்.

இருந்த குழிகளையெல்லாம் உடைத்து ஒன்றாக்கி, சிமெண்ட் பூசி, நீல டைல்ஸ் ஒட்டி ஒரு குளம் கட்டியிருந்தார்கள். நடுவில் தண்ணீர் பீய்ச்சும் ஒரு குழாய். ஓரத்தில் மார்பிள் கல்: 'சிருஷ்டிகரின் அதிசய உயிர்கள் வாழும் குளம்.' கீழே ஆயர், செக்ரட்டரி, பொருளாளர், காண்ட்ராக்டர் வரை வரிசையாகப் பெயர்கள். கடைசியில், 'முயற்சி: திருமதி செலின் டேனியல்.' தண்ணீரில் குட்டி மீன்கள் கூட்டம் கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தன.

"மீன் யார் விட்டது?" என்றார் அண்ணி. குரல் மிகவும் சன்னமாக இருந்தது.

"நான்தான்" என்றார் தியோடர் அண்ணன் பெருமையாக. "கொசு வரக் கூடாதுன்னு சொல்லி வாங்கிட்டு வந்தேன். உன் பூச்சிக்கும் கம்பெனி."

"அண்ணே, அந்த மீனு அதைத் தின்னுடும்."

"அத்தனையுமா தின்னும்? பாரு, மூணே வாரத்துல தண்ணி வத்தி பாவம் சாகுதேன்னு மோட்டார் போட்டிருக்கு. இனிமே வருஷம் பூரா தண்ணி."

"வத்தினாத்தானே அது பொறக்கும்!" அண்ணி கத்தின கத்தலில் பாறையின் அந்தக் கோடியில் இருந்த புறாக்கள் பறந்தன. "அந்தப் பொண்ணு கூட்டத்துல படிச்சுப் படிச்சு சொன்னாளே, ஒரு காதுலயாவது விழுந்துச்சா? டீயக் கண்டதும் எழுந்து போனீங்க! கைக்கு, எதுக்கு இப்படிப் பண்ணீங்க? சும்மா விடுங்கன்னுதானே கேட்டேன்! சும்மா இருக்க ஒருத்தருக்கும் தெரியாதா?"

"உனக்காகத்தானே செலின் செஞ்சேன்…"

"குழியில இருந்த மண்ணு எங்க?"

"லாரியில போயிருக்கும். காண்ட்ராக்டர் அள்ளிட்டுப் போனான்."

எனக்கும் ரத்தம் கொதித்தது. டைனோசர் வந்து போன காலத்தையெல்லாம் தாண்டி வந்த வம்சம். வெயிலால் அழிக்க முடியவில்லை, ஐம்பது ஈஸ்டரின் மண்வெட்டியால் அழிக்க முடியவில்லை. பாசம் வைத்து ஒரே கோடையில் முடித்துவிட்டார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைகூட இல்லை, குரங்காவது உயிரோடு இருக்கும்.

மறுநாள் அண்ணி என் அண்ணனுடைய பழைய ஒர்க்‌ஷாப் சுத்தியலை எடுத்துப் போய், மார்பிள் கல்லில் தன் பெயர் இருந்த மூலையை மட்டும் உடைத்தெடுத்தார். கமிட்டி விளக்கம் கேட்டது. "என் பேரு, நான் எடுத்துக்கிட்டேன். மிச்சம் உங்க பேரு, நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். தியோடர் அண்ணனோடு பேச்சை அடியோடு நிறுத்தினார். நான் இருக்கும் ஞாயிறுகளில் அவர் அண்ணி வீட்டுக்கு வந்தால், "ஜெமி, வந்தவருக்குக் காப்பி வேணுமான்னு கேளு" என்பார். அவரும் என்னிடமே, "ஹவ், ஆமா, வேணும்னு சொல்லும்மா" என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் போஸ்ட்மேனாகத் திண்டாடினேன்.

ஜூலையில் நல்ல மழை. குளத்தில் மீன்கள் கொழுத்தன. வேறு எதுவும் வரவில்லை. அண்ணி நான்கைந்து முறை போய்ப் பார்த்துவிட்டு, பிறகு போவதை நிறுத்திக்கொண்டார். வீட்டில் ஒன்றும் பேசாமல் காய் நறுக்கினார். அவர் யாரையாவது திட்டமாட்டாரா என்று எனக்கு ஏக்கமாகவே இருந்தது.

அந்த மாதக் கடைசியில் அண்ணனின் நினைவு நாள். அண்ணியும் நானும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அண்ணனுடையது சிமெண்ட் கல்லறை, நடுவில் செடி வைக்க ஒரு நீளமான தொட்டி விட்டிருக்கும். அதில் மழைத் தண்ணீர் தளும்பி நின்றது. நடுவில் காய்ந்து கருகிய ஒரு பட்டன் ரோஸ் குச்சி.

"யாரு இந்தச் செடிய வச்சது? வச்சவங்க தண்ணி ஊத்த வேணாமா?" என்று ஆரம்பித்த அண்ணி பாதியில் நின்றுவிட்டார். அப்படியே ஈரத் தரையில் மண்டியிட்டார்.

தொட்டி நிறைய அவை மல்லாந்து நீந்திக்கொண்டிருந்தன. கண்ணாடி உடம்பு, செம்மஞ்சள் வால்.

அண்ணி அழுதார். அழுதுகொண்டே அண்ணனைத் திட்டினார். "உசுரோட இருந்தப்ப ஒரு பக்கெட் தண்ணி புடிச்சு வைக்க உடம்பு வணங்காதே உங்களுக்கு! இப்ப தொட்டியில வளர்க்கறீங்களாக்கும்! ஒரு வார்த்தை சொல்ல முடியலையா?"

நான் தியோடர் அண்ணனுக்குப் போன் போட்டேன். மழையில் நனைந்தபடி ஸ்கூட்டரில் வந்தார். தொட்டிக்குமேல் குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

"தீர்மானம் போட்டும் பழக்கதோஷத்துல ஈஸ்டருக்கு முந்தின நாள் பாறை சுத்தம் பண்ணிட்டோமில்ல, அந்த மண்ணு. தொட்டி காலியாக் கிடந்துச்சு. மாப்பிள்ளை கல்லறையில ஒரு பூச்செடி இருந்தா, ஊருக்கு வந்ததும் செலின் சந்தோஷப்படுவாளேன்னு ரெண்டு மூட்டை கொண்டாந்து கொட்டினேன். அப்புறம் அந்தக் குளத்து வேலையில தண்ணி ஊத்த மறந்தே போச்சும்மா. செடியும் செத்துப் போச்சு. இதைப் போய் எந்த முகத்தோட சொல்ல?"

அண்ணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "ஜெமி, அவர் வாழ்க்கையில உருப்படியா மறந்தது இது ஒண்ணுதான்னு சொல்லு" என்றார்.

அனுபமா வந்து பார்த்துவிட்டு, "இப்படியே விட்டுருங்க ஆன்ட்டி. வத்தட்டும், நல்லாக் காயட்டும். செடி வேண்டாம், தண்ணி வேண்டாம்" என்று சொன்னாள். பாறைக்குழிகளிலிருந்து மிஞ்சியது இந்தத் தொட்டி மண் மட்டும்தான். இதில் யாராவது செடி வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினால் இதுவும் போய்விடும். குளத்தை உடைத்துப் பழையபடி குழியாக விடச் சொல்லித் தியோடர் அண்ணனே கமிட்டியில் எழுதிக் கொடுத்தார். கட்டுவதற்கு ஒரே மீட்டிங்கில் கை தூக்கியவர்கள், இடிப்பதற்கு இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்த வருஷ ஈஸ்டர். விடியற்கால ஆராதனை முடிந்ததும், வழக்கம்போல் எல்லோரும் அப்படியே கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார்கள். எல்லாக் கல்லறைகளிலும் செவ்வந்தி, ரோஜா, ஊதுவத்தி, கழுவிவிட்ட சிமெண்டின் ஈரம். டேனியல் கல்லறை மட்டும் வறண்டு கிடந்தது. தொட்டி மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பக்கத்துக் கல்லறை விளிம்பில் அண்ணி காவலுக்கு உட்கார்ந்திருந்தார்.

பெண்கள் சங்கத்து எலிசபெத் அக்கா எங்கள் காதில் விழட்டும் என்றே பக்கத்தில் நின்றவளிடம் சொன்னார்: "ஊரைக் கூட்டிச் சண்டை போட வாய் இருக்கு. கட்டின புருஷன் கல்லறைக்கு ஒரு பூ இல்ல, ஒரு சொட்டுத் தண்ணி இல்ல." சொல்லிவிட்டு, இரக்கப்பட்டவர்போலத் தன் பிளாஸ்டிக் மக்கில் தண்ணீரை மொண்டுகொண்டு தொட்டியை நோக்கி வந்தார். அண்ணி எழுந்தார். நான் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று யோசித்தேன்.

அதற்குள் அந்தக் கோடியிலிருந்து வெள்ளைச் சட்டையும் வெள்ளைப் பேண்ட்டுமாகத் தியோடர் அண்ணன் கல்லறைகளைத் தாண்டித் தாண்டி ஓடி வந்தார்.

"நக்கோ! நக்கோம்மா! ஒரு சொட்டு ஊத்தாதீங்க!" என்று கத்திக்கொண்டே எலிசபெத் அக்கா கையிலிருந்து மக்கைப் பிடுங்கினார். பாதித் தண்ணீர் அவர் பேண்ட்டிலேயே கொட்டியது.

"கைக்கு அண்ணே? செத்தவருக்குத் தண்ணி ஊத்தினா என்ன குறைஞ்சு போகும்?"

"உள்ள உசுரு இருக்கும்மா" என்றார் அவர், மூச்சிரைக்க.

எலிசபெத் அக்கா ஒன்றும் புரியாமல் சிலுவைக் கல்லைப் பார்த்தார். தியோடர் அண்ணன் மக்கை மார்போடு அணைத்துக்கொண்டு, தொட்டிக்குக் குறுக்கே நின்றார்.

போன ஜூனிலிருந்து என் வழியாகவே பேசிவந்த அண்ணி அவரை நேராகப் பார்த்தார்.

"இந்த அறிவு அந்த மீன விடும்போது எங்கண்ணே போயிருந்துச்சு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, அவரும் உட்காரக் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.